இயற்கை எய்தியவர்கள்

தமிழ்நாட்டில் யாரும் நோய் வந்து சாவதில்லை. சந்தேகம் இருந்தால் காலையில் பால் வாங்கப் போகும்போது சுவரைப் பாருங்கள். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியதில் கலங்கிப்போன ஒரு முகம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், அவர்களுக்கும் கீழே கைகூப்பிய வட்டச் செயலாளர். தொண்ணூறு வயதுக்காரரும் இயற்கை எய்துகிறார், நாற்பத்தொன்று வயதுக்காரரும் இயற்கை எய்துகிறார். மிஞ்சிப்போனால் 'அகால மரணம்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. எதனால் என்று மட்டும் எந்தச் சுவரும் சொல்லாது.

என் சின்ன அத்தையும் இயற்கைதான் எய்தினாள். அந்த இயற்கை அவளுக்குக் கருப்பை வாயில் வந்தது. தீட்டு நின்று நாலு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டது. யாரிடம் சொல்வது? உடம்புச் சூடு என்று தானே முடிவு செய்தாள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள், எண்ணெய் தேய்த்துக் குளித்தாள், மாசக்கணக்கில் இளநீர் குடித்தாள். இப்படி ஒன்றரை வருஷம். அதற்குள் வீட்டில் இரண்டு வளைகாப்பும் ஒரு கிரகப்பிரவேசமும் நடந்தன, மூன்றுக்கும் அவள்தான் அடுப்படி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் போனபோதுதான் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு வெளியே வந்து மாமாவிடம், "இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். மாமா தரையைப் பார்த்தார். அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பதுதான் சரியான பதில். அதைச் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

குடும்பமாவது வெட்கப்பட்டு மறைக்கிறது, போகட்டும். அரசாங்கத்துக்கு என்ன வெட்கம்? இந்தியாவில் பதிவாகும் சாவுகளில் இன்ன காரணம் என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்திடுவது 100க்கு 22, 23தான். மிச்சப் பேர் பதிவேட்டில் பெயராக நுழைந்து எண்ணாக வெளியே வருகிறார்கள். நடுவில் இருக்க வேண்டிய 'எதனால்' காணவில்லை. நாலில் மூன்று பேருக்கு இந்தக் குடியரசே ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அது. குத்துவிளக்கு மட்டும்தான் குறைகிறது.

இந்த லட்சணத்தில் உலகப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உட்கார்ந்து நாடு நாடாகக் கணக்குப் போடுகிறது. 2022ஆம் ஆண்டு கணக்கில் உலகத்தில் புதிதாக நோய் கண்டவர்கள் 2 கோடி, இறந்தவர்கள் 97 லட்சம். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டி லட்சம் பேருக்கு எத்தனை சாவு என்று பார்த்தால் மங்கோலியாவும் ஹங்கேரியும் உச்சாணிக் கொம்பில் நிற்கின்றன. அமெரிக்கா 80ஐத் தாண்டுகிறது. இந்தியா? 64 அல்லது 65. அமெரிக்காவை முந்திவிட்டோம்! இதற்கு ஏன் இன்னும் யாரும் பிளக்ஸ் வைக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். 'புற்றையும் புறமுதுகிட வைத்தவரே' என்று ஒரு வரி நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

பிளக்ஸ் அடிப்பதற்கு முன் ஒரு சின்ன விஷயம். அதே பட்டியலில் பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு எண் இருக்கிறது. இந்தியாவில் அந்த வருஷம் நோய் கண்டவர்கள் 14 லட்சத்துச் சொச்சம், இறந்தவர்கள் 9 லட்சத்து 16 ஆயிரம். அமெரிக்காவில் ஒரு வருஷத்துக்கு 20 லட்சம் பேருக்கு நோய் வருகிறது, இறப்பவர்கள் 6 லட்சத்து 10 ஆயிரம் சொச்சம். அவனுக்கு வருவது நோய். நமக்கு வருவது தேதி. மார்பகப் புற்றுநோயில் இந்தக் கூத்து இன்னும் பச்சையாகத் தெரியும். பணக்கார, படித்த நாடுகளில் 12 பெண்களில் ஒருத்திக்கு வாழ்நாளில் அது வருகிறது, 71இல் ஒருத்தி அதனால் சாகிறாள். ஏழ்மையில் அடிமட்டத்தில் கிடக்கும் நாடுகளில் 27இல் ஒருத்திக்குத்தான் வருகிறது, ஆனால் 48இல் ஒருத்தி சாகிறாள். ஏழைப் பெண்ணுக்கு நோய் பாதிக்கும் குறைவு, சாவு ஒன்றரை மடங்கு. புற்றுநோய்ச் செல்லுக்கு பாஸ்புக் பார்க்கத் தெரியாது, எனவே பார்ப்பது வேறு யாரோ.

பணக்கார நாட்டுக்குள்ளும் அந்த யாரோ இருக்கிறார். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வெள்ளைக்காரிகளைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. சாவு மட்டும் 38 சதவீதம் அதிகம். இயற்கைக்கு நிறம் பார்க்கவும் தெரிகிறது. தென் கொரியா இன்னொரு கோடி. கழுத்தில் ஸ்கேன் கருவியை வைத்துத் தேடு தேடு என்று தேடி, 1993க்கும் 2011க்கும் நடுவில் தைராய்டு புற்றுநோயைப் பதினைந்து மடங்காகப் பெருக்கிவிட்டார்கள். சாவு எண்ணிக்கை இம்மியும் அசையவில்லை. தேட வேண்டியதில்லாததைத் தேடியிருக்கிறார்கள். அங்கே கழுத்தை அறுத்துப் பணம் பண்ணினார்கள் என்று நாம் சிரிக்கலாம்தான். இங்கே தேட வேண்டியதையே தேடவில்லை என்பதால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

(64 என்ற நம் எண்ணும் ஊகம்தான். புற்றுநோய்ப் பதிவேடுகள் நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பக்கத்து வீட்டுக் குழம்பை வாசம் பிடித்து உப்புச் சொல்கிற கதை.)

தேடுவது என்றதும் மேல்நாட்டு மெஷின், கோடி ரூபாய் என்று நினைத்துவிடாதீர்கள். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்போன திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு ஆய்வு தொடங்கியது. கருவி என்ன தெரியுமா? வினிகர். சாலையோரக் கடையில் கோபி மஞ்சூரியனுக்கு ஊற்றுகிறார்களே, அந்தக் காடியின் சுத்தமான வடிவம். பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவினால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெளுத்துக் காட்டும். நர்ஸ் பார்த்தாலே போதும். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு. உலகமே திண்டுக்கல்லை மேற்கோள் காட்டியது.

ஆய்வு என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் வேண்டுமே. திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் என்று மூன்று இடங்களிலும் ஒரு பிரிவுப் பெண்களைச் சோதிக்காமல் சும்மா விட்டு வைத்துக் கணக்கெடுத்தார்கள். அப்படி விடப்பட்டவர்களில் குறைந்தது 254 பேர் அதே நோயில் இறந்ததாக 2014இல் கேள்வி எழுந்தது. நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் கவனிப்பு அவர்களுக்கும் கிடைத்தது என்பது பதில். வழக்கமாக என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. அதைத்தான் குறையில்லாமல் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, 254 பேரின் உயிரைக் கொடுத்து ஒரு பாட்டில் வினிகரின் அருமை நிரூபணமாயிற்று. பிறகு? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு, 30 முதல் 49 வயதுப் பெண்களைப் போய்க் கேட்டது: வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தச் சோதனை செய்துகொண்டீர்களா? இந்தியா முழுக்க ஆம் என்றவர்கள் 100க்கு 1.9. தமிழ்நாட்டில் 9.8. நாம் முன்னணி மாநிலம்! நூற்றுக்கு ஒன்பதே முக்கால் மார்க் வாங்கிய பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடலாம், ஏனென்றால் பக்கத்துப் பெஞ்சுக்காரன் இரண்டுகூட வாங்கவில்லை.

இந்தப் புற்றுநோய்க்குத் தடுப்பூசியும் உண்டு. ஆஸ்திரேலியா 2007இல் சிறுமிகளுக்குப் போடத் தொடங்கியது. 2035க்குள் அந்த நோயையே ஒழித்துக்கட்டப் போகிறோம் என்று நாள் குறித்து உட்கார்ந்திருக்கிறது. அது பணக்கார நாடு என்பீர்கள். பூட்டான் 2010இல் தொடங்கியது. இனப்படுகொலையில் சிதைந்துபோன ருவாண்டா, எழுந்து உட்கார்ந்த பதினேழாம் வருஷமே, 2011இல் தொடங்கிப் பத்தில் ஒன்பது சிறுமிகளுக்கு மேல் போட்டு முடித்தது. நாம் 2009–10இல் என்ன செய்தோம்? ஆந்திரத்திலும் குஜராத்திலும் ஒரு முன்னோட்டம் நடத்தினோம். சிறுமிகளின் பெற்றோரிடம் ஒழுங்காகச் சம்மதம் வாங்காமல் விடுதி வார்டன்களின் கையெழுத்தில் நடத்தினோம். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் அவமதித்த விதம் அவமதித்ததுதான், நாடாளுமன்றக் குழு கிழித்துத் தொங்கவிட்டது. தப்பு, நடத்திய முறையில். தண்டனை யாருக்கு? அடுத்த பதினான்கு வருஷத்துச் சிறுமிகளுக்கு. 2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசியை 'ஊக்குவிப்போம்' என்று ஒரு வரி வந்தது. கவனியுங்கள், போடுவோம் என்றில்லை, ஊக்குவிப்போம். மறுநாளே ஒரு நடிகை கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே செய்தி. அதற்கு மறுநாள், சாகவில்லை, விழிப்புணர்வுக்காகச் சும்மா செத்தேன் என்று அவரே எழுந்து வந்தார். நாடே காறித் துப்பியது. வருஷத்துக்கு 80 ஆயிரம் பெண்கள் இதே நோயில் நிஜமாகவே சாகிறார்கள். பொய்யாகச் செத்த ஒருத்திதான் தலைப்புச் செய்தி. அந்த அம்மாவின் வியாபாரம் அருவருப்பானது, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நம் சந்தை நிலவரம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

உலகம் முழுக்கப் பார்த்தால் புற்றுநோய் ஆண்களைத்தான் அதிகம் கொல்கிறது: ஆண்கள் 54 லட்சம், பெண்கள் 43 லட்சம். இந்தியாவில் இந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்து, இரண்டு பாலும் தோளோடு தோள் நிற்கின்றன. சாவிலாவது சமத்துவம் கொடுத்தோம். ஆனால் சிகிச்சைக்கு வருகிற பிள்ளைகளின் கணக்கு வேறு மாதிரி. குழந்தைப் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரி வாசல் மிதித்தவர்களின் பதிவேடுகளை எடுத்து வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2023இல் லான்செட் ஆன்காலஜியில் வந்தது. பெண் பிள்ளைகளைவிடப் பையன்கள் அதிகம். வடக்கில் வித்தியாசம் கூடுதல், தெற்கில் குறைச்சல். ஊர் தூரமாக ஆக, வைத்தியச் செலவு ஏற ஏற, பெண் பிள்ளைகள் இன்னும் குறைகிறார்கள். வராத பெண் குழந்தைகள் வீட்டில் என்ன செய்தார்கள் என்று பதிவேட்டில் இருக்காது. அவர்களுக்குப் போஸ்டரும் அடித்திருக்க மாட்டார்கள்.

இனி ஆண்பிள்ளைச் சிங்கங்களுக்கு வருவோம். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்க்கு. பாக்கும் புகையிலையும் கன்னத்தில் ஒதுக்கி வைத்தே நாம் உலகப் பெயர் எடுத்துவிட்டோம். தமிழ்நாட்டில் குட்கா 2013இலிருந்து தடை. தடை என்றால் விற்கத்தான் தடை, கிடைப்பதற்கு இல்லை. 2016இல் வருமான வரித் துறை கைப்பற்றிய ஒரு குறிப்பேட்டில் யார் யாருக்கு எவ்வளவு மாமூல் என்று வரிசையாக எழுதியிருந்ததாக வழக்காகி சி.பி.ஐ. வரை போயிற்று. ஒரு சாவுக்குக் காரணம் எழுத நமக்குக் கை வராது, மாமூல் கணக்கு என்றால் தேதி போட்டு எழுதுகிறோம். வடக்கே வேறு வழி. புகையிலையை விளம்பரம் செய்யத்தானே தடை, அதே பெயரில் ஏலக்காய் விளம்பரம் செய்யலாம். உடம்பை இரும்பாக வைத்திருக்கும் கோடீஸ்வர நாயகர்கள் மூன்று பேர் வரிசையாக நின்று இரண்டு விரலில் ஏலக்காய் தூவுகிறார்கள். நாடு முழுக்கப் பாயசம் காய்ச்சத் துடிக்கிறது போலிருக்கிறது!

சிகரெட் பாக்கெட்டில் பயமுறுத்தும் படத்தைப் பெரிதாக்குவதா என்று 2015இல் நாடாளுமன்றக் குழு ஒன்று உட்கார்ந்து யோசித்தது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு இந்திய ஆய்வு எங்கே என்று குழுத் தலைவர் கேட்டார். குழுவில் ஒரு பீடி முதலாளியே உறுப்பினர், பீடி குடித்தால் ஒன்றும் ஆகாது என்று அவர் சாட்சியும் சொன்னார். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். பூனையிடமே பால் கெட்டதா என்று சான்றிதழ் வாங்கியது அப்போதுதான். இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுக்கும் முடிச்சுப் போட்டது 1950இல். இந்திய நுரையீரல் தனி அவதாரம் போலும்.

2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. உயிர்காக்கும் மருந்துகள் 33க்கு வரியே இல்லை என்று அறிவித்தார்கள், புற்றுநோய் மருந்துகளும் அதில் உண்டு. கை தட்டினோம். அதே கூட்டம், அதே மேசை, அதே முந்திரி பக்கோடா: பீடிக்கு வரி 28லிருந்து 18 ஆகக் குறைப்பு, பீடி இலைக்கு 18லிருந்து 5. நோய்க்கும் தள்ளுபடி, மருந்துக்கும் தள்ளுபடி. ஆடித் தள்ளுபடியில்கூட ஜவுளிக்காரர் வேட்டியோடு கோடித் துணியைச் சேர்த்து விற்றதில்லை. ஏன் குறைத்தீர்கள் என்றால் பீடி சுற்றும் ஏழைப் பெண்களுக்காக என்பார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் போய்ப் பாருங்கள். மடியில் முறம், இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. மூச்சில் போகும் தூளுக்குக் கூலி கிடையாது. அந்தப் பத்து சதவீதத்தில் எத்தனை காசு சுருட்டும் விரலுக்கு வந்து சேரும் என்று அறிவிப்பில் ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்று. நம் ஆயுள் காப்பீட்டுக் கழகம், வாழும்போதும் அதற்குப் பின்பும் கூடவே வருவதாகச் சொல்கிறதே, அதே எல்.ஐ.சி., நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யில் ஏறக்குறைய 15 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. நீங்கள் புகைத்தால் டிவிடெண்ட் வரும், செத்தால் உங்கள் மனைவிக்குப் பாலிசிப் பணம் போகும். கூடவே வருகிறோம் என்று சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பெண்களை விட்டுவிடுவார்களா? 1929 ஈஸ்டர் அன்று நியூயார்க்கில் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பரக்காரர் இளம்பெண்களை வாயில் சிகரெட்டோடு ஊர்வலம் விட்டு, அதற்கு விடுதலைத் தீபம் என்று பெயர் சூட்டினார். பின்னால் இருந்தது சிகரெட் கம்பெனி. 1987இல் அமெரிக்கப் பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் நுரையீரல், மார்பகத்தை முந்தியது. தீபம் சுட அறுபது வருஷம்கூட ஆகவில்லை. அந்த நாட்டிலேயே பிறகு புகையை விட்டதாலும் சீக்கிரம் கண்டுபிடித்ததாலும் நல்ல வைத்தியத்தாலும் 1991இன் உச்சத்திலிருந்து புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. ஏற்றிய கையால் இறக்கவும் முடிந்திருக்கிறது. இயற்கை இதில் எந்தப் பக்கம் இருந்தது?

2015இல் குழுத் தலைவர் கேட்ட இந்திய ஆய்வுக்கு மறுபடி வருகிறேன். அது அவருக்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 2003இல், லான்செட்டில் அச்சாகியிருந்தது. அதுவும் நம் ஊரிலிருந்து. சென்னை டாக்டர் கஜலட்சுமியும் கூட்டாளிகளும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்துபோன 43 ஆயிரம் ஆண்களின் வீடு தேடி ஆள் அனுப்பினார்கள். திண்ணையில் உட்கார்ந்து, விதவைகளிடமும் பிள்ளைகளிடமும், கடைசி மாசங்களில் என்ன செய்தது, இருமல் இருந்ததா, இளைத்தாரா, பீடி உண்டா என்று கேட்டு எழுதினார்கள். போஸ்டரில் இல்லாத அந்த ஒரு வரியை வீடு வீடாகப் போய் வாங்கி வந்திருக்கிறார்கள். புகை எத்தனை பேரைக் கொன்றது, காசநோயை எப்படித் தூண்டிவிட்டது என்று தெளிவாக வந்தது. கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது. 43 ஆயிரம் வீடுகள் கதவைத் திறந்தன.

அத்தை போன அன்று போஸ்டருக்குச் சொல்ல நான்தான் போனேன். கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் பழைய போஸ்டரைத் திறந்து, அதிலிருந்த பெயரை அழித்து, "சொல்லுங்கண்ணே" என்றான். பெயர், தோற்றம், மறைவு சொன்னேன். எனக்கு என்ன தோன்றியதோ, "கருப்பை வாய்ப் புற்றுநோயால், 53 வயதில் அப்படின்னு போடுப்பா" என்றேன்.

அவன் கை விசைப்பலகையிலேயே நின்றது. "ஏண்ணே, பொம்பளைங்க போஸ்டர்ல அதெல்லாமா போடுவாங்க? பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குதுல்ல?"

மாமாவுக்கு போன் போட்டேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. பின்னால் மேளச் சத்தம் கேட்டது. "எதுக்குப்பா இப்ப அதெல்லாம்" என்றார்.

"இயற்கை எய்தினார்னே இருக்கட்டும்ணே, அது ரெடியா இருக்கு" என்றான் தம்பி. "எத்தனை காப்பி?"

ஐம்பது என்றேன்.